சாவதானம்: ஆப்பியா நகரும் அங்கே வந்துபோன எழுத்தாளர்களும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பசிபிக் பெருங்கடலின் நடுவில் சமோவா என்றொரு சிறு நாடு உண்டு. அந்நாட்டின் தீவுகளுள் உப்போலு ஒன்று. அதன் வடகரையில் அமைந்த ஆப்பியா என்னும் ஊரே நாட்டின் தலைநகரம். தலைநகரம் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. நாற்பதாயிரத்துக்கும் குறைவான மக்களே அங்கு வாழ்கிறார்கள். வளைந்த துறைமுகம், அதை ஒட்டிச் செல்லும் ஒரு கடற்கரைச் சாலை, நடுவில் ஒரு மணிக்கூண்டு, பின்புறம் முகில் படிந்த மலை. முதன்முதலாக அங்கு இறங்கும் பயணி அரைநாளில் ஊரைச் சுற்றி வந்துவிடலாம். அதன்பின் என்ன செய்வது என்ற கேள்வி அவனுக்கு எழும். அந்தக் கேள்விக்கு விடையில்லாமையே அவ்வூரின் அழகு என்று பயண நூல்கள் எழுதிவைத்திருக்கின்றன.

எழுதியதில் பொய்யுமில்லை. மரத்தால் உடல் கட்டிய பேருந்துகள் பல வண்ணங்களில், உரத்த பாட்டோடு ஓடுகின்றன. கூட்டம் மிகுந்தால் ஒருவர் மடியில் ஒருவர் அமர்வது அங்கே வழக்கம். யாரும் முகம் சுளிப்பதில்லை. ஊர்ப்புறத்து வீட்டுக்கு ஃபாலே என்று பெயர். தூண்களும் கூரையும் உண்டு, சுவர் இல்லை. வழியே போகிறவன் வீட்டினுள் நடப்பதைக் காணலாம். வீட்டில் இருப்பவர் வழிப்போக்கனைக் காணலாம். ஞாயிற்றுக்கிழமை வெள்ளாடை உடுத்தித் தேவாலயம் சென்று திரும்பியபின், சுட்ட கற்களின்மேல் இலைகளை மூடிப் பக்குவம் செய்த சேப்பங்கிழங்கும், கறிப்பலாவும், சேம்பிலையில் தேங்காய்ப்பாலைப் பொதிந்து வேகவைத்த பாலுசாமியும் உண்டு, குடும்பம் குடும்பமாக உறங்கிவிடுகிறார்கள். மாலைப்பொழுதில் பல சிற்றூர்களில் சங்கோ மணியோ ஒலிக்கிறது. வீடுதோறும் வழிபாடு. அந்தச் சிறு பொழுதில் தெருவில் நடப்பது தகாது. அதைப் பார்த்துக்கொள்ள ஊர் இளைஞர்கள் சாலையோரத்தில் நிற்கிறார்கள்.

இவற்றையெல்லாம் பார்த்த பயணி தன் குறிப்பேட்டில் 'சோம்பலான ஊர்' என்று எழுதிக்கொள்கிறான். பாராட்டாகத்தான் எழுதுகிறான். ஆயினும் சொல் பிழையானது. தமிழில் இதற்குப் பொருந்திய சொல் ஒன்று இருக்கிறது. சாவதானம். 'சாவதானமாக வா' என்றால் மெதுவாக வா, பதற்றமில்லாமல் வா என்று பொருள். ஆனால் அந்த வடசொல்லின் முதற்பொருள் கவனத்தோடு இருத்தல். அட்டாவதானி, சதாவதானி என்று போற்றப்பெற்றவர்களின் பட்டத்தில் இருப்பதும் அதே அவதானம்தான். கவனத்தைக் குறித்த சொல் தமிழர் வாயில் புழங்கிப் புழங்கி நிதானத்தைக் குறிக்கலாயிற்று. விரைகிறவனால் கவனிக்க இயலாது என்று கண்டவர்கள்தாம் இப்படி மாற்றியிருக்க வேண்டும். சுவரில்லாத வீட்டில் இருந்துகொண்டு தெருவையும் கடலையும் பார்த்திருக்கும் சமோவா முதியவர் சோம்பியிருக்கவில்லை, சாவதானமாக இருக்கிறார். விரைந்து வந்து விரைந்து போகும் பயணிதான் எதையும் கவனிக்காதவன்.

அவன் கவனிக்கத் தவறுவது எது என்பதற்கு அந்தக் கடற்கரைச் சாலை ஒன்றே போதும்.

1889 மார்ச் மாதம் அத்துறைமுகத்தில் ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் மூன்றும், அமெரிக்கப் போர்க்கப்பல்கள் மூன்றும், ஆங்கிலக் கப்பல் ஒன்றும் நின்றன. யாருக்கு அத்தீவுகள் என்ற வழக்கு. புயல் எழுந்தது. யார் முதலில் துறைமுகத்தை விட்டு வெளியேறுவது என்ற வீம்பில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். ஆங்கிலக் கப்பல் ஒன்றே இறுதி நேரத்தில் அலையைப் பிளந்துகொண்டு வெளியேறியது. ஏனைய ஆறும் கரையிலும் பவளப்பாறையிலும் மோதின. நூற்றுக்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். அலையில் இறங்கி அவர்களுள் பலரைக் காப்பாற்றியவர்கள் சமோவா மக்கள். பத்தாண்டு கழித்து, 1899இல், அந்த வல்லரசுகள் மேசைமுன் அமர்ந்து தீவுகளைப் பங்கிட்டுக்கொண்டன. மேற்குப் பகுதி ஜெர்மனிக்கு, கிழக்குப் பகுதி அமெரிக்காவுக்கு. முதல் உலகப்போர் மூண்ட 1914இல் மேற்குப் பகுதி நியூசிலாந்தின் கைக்கு மாறியது.

1918 நவம்பர் 7ஆம் நாள் ஆக்லாந்திலிருந்து தலூன் என்னும் கப்பல் ஆப்பியாவுக்கு வந்தது. கப்பலில் நச்சுக்காய்ச்சல் கண்டவர்கள் இருந்தார்கள். தடையின்றி அவர்கள் கரையிறங்க விடப்பட்டார்கள். இரண்டு மாதங்களுக்குள் ஏறக்குறைய 8,500 பேர் இறந்தனர். நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம். தனித்தனியே அடக்கம் செய்ய ஆளில்லாமல் வண்டிகளில் பிணங்களைத் திரட்டிப் பெருங்குழிகளில் இட்டார்கள். அதே காலத்தில், சிறு கடற்பரப்புக்கு அப்பால் இருந்த அமெரிக்க சமோவாவில் ஆளுநர் கப்பல்களைத் தனிமைப்படுத்தினார். அங்கு ஓர் உயிரும் போகவில்லை. ஒரே இனம், ஒரே மொழி, ஒரே கடல். ஆட்சியாளரின் கவனம் ஒன்றே வேறு.

இறந்தவர்களில் குடித்தலைவர்களும் முதியோரும் பலர். சமோவாவில் குடிவழி வரலாறும், நிலவுரிமையும், வாழ்த்தும், வசையும் எழுத்தில் இருந்தவை அல்ல; நினைவில் இருந்தவை. கையில் கோலூன்றி, தோளில் ஈச்சவுரி போட்டு, அவை நடுவே நின்று பேசும் பேச்சுத் தலைவர்கள் என்றே ஒரு வகுப்பினர் அங்கு உண்டு. அவர்களைப் புலவர்கள் என்று சொன்னாலும் தகும். அந்த நவம்பரில் புதைக்கப்பட்டவை உடல்கள் மட்டுமா? ஏடெடுத்துத் தேட ஒரு சாமிநாதையர் தோன்றினாலும் தேடுவதற்கு அங்கே ஏடு இல்லையே.

அதே காய்ச்சலில் இந்தியாவில் இறந்தோர் ஒரு கோடிக்கும் மேல். அதைப் பற்றித் தமிழில் எத்தனை பாட்டு உண்டு என்று கவிஞர்கள் ஓய்ந்த வேளையில் எண்ணிப் பார்க்கலாம்.

சமோவா மக்கள் மறக்கவில்லை. ஆட்சியின் மீதிருந்த மனக்குமுறல் மாவ் என்னும் அறப்போராட்டமாக வளர்ந்தது. 1929 டிசம்பர் 28ஆம் நாள், அதே கடற்கரைச் சாலையில், ஊர்வலமாக வந்தவர்கள்மீது காவலர் சுட்டனர். மக்களை அமைதிப்படுத்த முன்வந்து நின்ற பெருந்தலைவர் துப்புவா தமசேசே லியாலோஃபி குண்டுபட்டு விழுந்து, மறுநாள் இறந்தார். தம் குருதிக்குப் பழிவாங்க வேண்டா, அமைதி காக்க வேண்டும் என்பதே அவர் விட்டுச்சென்ற வேண்டுகோள். ஆண்கள் காட்டுக்குள் ஒளிந்து வாழ நேர்ந்தபோது பெண்கள் இயக்கத்தை நடத்தினார்கள். 1962 ஜனவரி முதல் நாள் நாடு விடுதலை பெற்றது. நாற்பது ஆண்டு கழித்து, 2002இல், நியூசிலாந்தின் தலைமையமைச்சர் ஹெலன் கிளார்க் ஆப்பியாவுக்கே வந்து, காய்ச்சலுக்காகவும் துப்பாக்கிச் சூட்டுக்காகவும் மன்னிப்புக் கேட்டார்.

'அங்கே காலத்தைப் பற்றி யாருக்கும் கவலையில்லை' என்று பயண நூல்கள் எழுதுவதும் வேடிக்கையானதே. 1892இல் அமெரிக்க வணிகத்துக்கு ஏற்ப நாட்காட்டியை மாற்றியபோது அவ்வூரில் ஜூலை 4ஆம் நாள் இரண்டு முறை வந்தது. பிறகு ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் வணிகம் பெருகியதால், 2011இல் டிசம்பர் 30ஆம் நாளே இல்லாமல் 29லிருந்து 31க்குத் தாவினார்கள். வணிகம் கேட்டபோது நாளையே கூட்டவும் குறைக்கவும் வேண்டியிருந்த மக்களுக்குக் காலக் கவலை இல்லை என்பது யார் கூற்று?

இனி எழுத்தாளர்கள். ஆப்பியாவுக்கு வந்தவர்கள் பலர். ஆங்கிலக் கவிஞர் ரூபர்ட் புரூக் 1913இல் வந்தார். இளைஞர், அழகர், இருபத்தேழு வயதில் போருக்குச் செல்லும் வழியில் இறந்தவர். மக்களின் அழகையும் நீரோடைகளையும் நிலவொளியையும் கண்டு மயங்கி, சொர்க்கத்தைக் கண்டவர்போலக் கடிதங்கள் எழுதினார். சாமர்செட் மாம் 1916இல் வந்தார். அவருடைய கதைகளில் ஆப்பியா ஒரு வெள்ளையன் குடித்துக் கெடும் ஊராக, வெப்பமும் மழையும் மனிதனைத் தின்னும் ஊராக வருகிறது. ஒருவர்க்குச் சொர்க்கம், மற்றவர்க்குச் சேறு. இருவரும் கைதேர்ந்தவர்கள்; எழுத்தில் குறை காண முடியாது. ஆனால் இருவர் எழுத்திலும் அவ்வூர் மக்கள் திரைச்சீலையாகத் தொங்குகிறார்களே அன்றி, மேடைக்கு வரவில்லை. அவர்கள் வந்துபோன அந்தத் தோட்டங்களில் 1903 முதல் கூலி ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட சீனர்கள் உழைத்துக்கொண்டிருந்தார்கள். நிலவொளியில் அவர்கள் தெரியவில்லை போலும்.

இவர்களுக்கெல்லாம் முன்பே, 1889 டிசம்பரில், புயலில் சிதைந்த கப்பல்கள் பாறைமேல் கிடந்த நாளில், ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன் வந்தார். 'புதையல் தீவு' எழுதிய அதே ஸ்டீவன்ஸன். எடின்பரோவில் பிறந்து, மூச்சுக்கும் இருமலுக்கும் இடையே வாழ்ந்தவர். சில வாரம் தங்கிப் போகத்தான் வந்தார். ஊரும் முதலில் அவரைப் பெரிதாகக் கவர்ந்துவிடவில்லை. குளிர்நாட்டுக்குத் திரும்பினால் உயிர் தங்காது என்பது அடுத்த ஆண்டு சிட்னியில் நோயுற்றபோது உறுதியாயிற்று. ஊருக்கு மேலே மலைச்சரிவில் முந்நூறு ஏக்கருக்கு மேல் காடு வாங்கி வீடு கட்டினார். அந்த இடத்துக்கு வைலிமா என்று பெயர். வை என்றால் நீர். லிமா என்றால் ஐந்து; கை என்றும் பொருள் உண்டு. ஐந்து நீரோடை என்பாரும் உளர், கைந்நீர் என்பாரும் உளர். வெப்ப நாட்டில் கட்டிய அந்த வீட்டில் கணப்பு அடுப்பும் வைத்தார் என்பது, ஊர்நினைவு மனிதனை விடாது என்பதற்குச் சான்று.

அவரைத் துறவியாகக் காட்ட வேண்டியதில்லை. ஏவலர் பலரை வைத்துக்கொண்டு, தம் நாட்டுக் குலத்தலைவரைப்போல வாழ்ந்தவர்தான். பிறர் நிலத்தில் வந்து குடியேறியவர்களில் அவரும் ஒருவர். ஆயினும் அவர் அம்மக்கள் மொழியைக் கற்றார். தலைவர்களின் பூசல்களைக் காது கொடுத்துக் கேட்டார். மூன்று வல்லரசுகளின் அதிகாரிகள் செய்த குளறுபடிகளை இலண்டன் நாளிதழுக்குக் கடிதங்களாக எழுதினார். 1892இல் அதைத் தனி நூலாகவும் வெளியிட்டார். கதை கேட்டவர்களுக்கு அது பிடிக்கவில்லை. இலண்டனில் இருந்த நண்பர்கள் சலித்துக்கொண்டார்கள்: புதையல் தீவு எழுதிய கை இதையா எழுதுவது என்று. ஆப்பியாவின் அதிகாரிகளோ அவரை நாடு கடத்தலாமா என்று எண்ணிப் பார்த்தார்கள். அழகாக எழுதுவதை விட்டுச் சற்றே இறங்கி உண்மையை எழுதத் தொடங்கிய எழுத்தாளனுக்கு இரு பக்கமும் கிடைக்கும் வரவேற்பு எந்நாட்டிலும் இதுதான் போலும்.

'ஃபாலேசாவின் கடற்கரை' என்றொரு நெடுங்கதை எழுதினார். வெள்ளை வணிகன் ஒருவன் தீவுப் பெண்ணைப் பொய்ச் சான்றிதழ் ஒன்றைக் காட்டி மணப்பதாக அதில் வருகிறது. அந்தச் சான்றிதழின்படி திருமணம் ஓர் இரவுக்குத்தான் செல்லும். படிக்கத் தெரியாத பெண் அதைப் பொக்கிஷமாகக் காக்கிறாள். பதிப்பாளர்கள் பதறினார்கள். நூலாக வந்தபோது ஓர் இரவு ஒரு வாரமாக மாறியிருந்தது! ஒரு வாரமென்றால் ஒழுக்கம் காக்கப்பட்டுவிடும் என்று எண்ணினார்கள் போலும். கதைத்தலைவன் இறுதியில் அவளை முறைப்படி மணந்து அங்கேயே தங்கிவிடுகிறான். அவன் முற்றும் திருந்திவிட்டதாக ஆசிரியர் காட்டவில்லை. தன் இனத்தின் மேட்டிமை அவனை விட்டு முழுதும் போகவில்லை; மனைவிமேல் உள்ள அன்பும் போகவில்லை. அந்த நேர்மையே கதையின் சிறப்பு.

குப்பிக்குள் அடைபட்ட பூதத்தைப் பற்றிய அவர் கதை ஒன்று 1891இல் ஆங்கிலத்தில் வந்த ஆண்டிலேயே சமோவா மொழியில் சமயப் பணியாளர் நடத்திய இதழில் தொடராக வெளிவந்தது. கேட்டதைக் கேட்டபடி தரும் பூதம் அது. படித்த சமோவா மக்களில் சிலர் அதை நடந்த செய்தியென்றே கொண்டார்கள். வைலிமா மாளிகைக்கு வந்தவர்கள், எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தபின், தயங்கித் தயங்கி, அந்தக் குப்பி எங்கே இருக்கிறது என்று கேட்டார்களாம். இவ்வளவு செல்வம் வேறெப்படி வரும்? சிரிக்கத் தோன்றும். எழுதிப் பிழைத்தார் என்பதைக் காட்டிலும் பூதம் தந்தது என்பது நம்பத்தக்கதாகத்தான் இருக்கிறது. தமிழ் எழுத்தாளர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அம்மக்கள் அவருக்கு வைத்த பெயர் துசிதாலா. துசி என்றால் எழுத்து. தாலா என்றால் கதை.

1893இல் மத்தாஃபா என்னும் தலைவர் போரில் தோற்று வேற்றுத் தீவுக்கு அனுப்பப்பட்டார். அவருடன் நின்ற குடித்தலைவர்கள் ஆப்பியாவில் சிறைப்பட்டார்கள். ஸ்டீவன்ஸன் சிறைக்கு உணவும் புகையிலையும் கொண்டுபோனார், நோயாளிகளைப் பார்த்தார், விடுதலைக்காக வாதாடினார். சிறைக்குள்ளேயே அத்தலைவர்கள் அவருக்கு ஒரு விருந்தும் வைத்தார்கள். விடுதலையான பின், 1894இல், அவர்கள் வந்து தங்கள் கையால் அவர் வீட்டுக்கு ஒரு சாலை வெட்டினார்கள். பிறர் ஏவலில் ஒரு கல்லையும் நகர்த்தாதவர்கள் என்று வெள்ளையர் பழித்த அதே மக்கள். கூலி இல்லை. தங்கள் பெயர்களை எழுதி வழியில் பலகை நட்டார்கள். அன்புள்ளங்களின் சாலை என்று அதற்குப் பெயர். 'சோம்பலான ஊர்' என்று குறிப்பெழுதும் பயணி, மலையேறும்போது அந்தத் தடத்தின் வழியாகத்தான் போகிறான்.

சாலை முடிந்து இரண்டு மாதம் ஆகவில்லை. டிசம்பர் 3ஆம் நாள் காலையில் தம் நாவலொன்றை எழுதினார். மாலையில் மனைவியோடு உணவு ஒருக்கிக்கொண்டிருந்தபோது மூளையில் குருதி கசிந்து விழுந்தார். அன்றிரவே இறந்தார். வயது நாற்பத்து நான்கு. நாவல் பாதியில் நின்றது. வாயேயா மலையின் மேல் புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அங்கே வழியில்லை. செய்தி பரவியதும் தலைவர்கள் நேர்த்தியான பாய்களைக் கொண்டுவந்து உடல்மேல் போர்த்தி, இரவெல்லாம் விழித்திருந்தார்கள். விடிந்ததும் கத்தியும் கோடரியுமாகக் காட்டை வெட்டி மலைமேல் வழி செய்தார்கள். பிறகு பேழையைத் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து ஏறினார்கள்.

புறநானூற்றில் கையறுநிலைப் பாடல்கள் பல உண்டு. புரவலன் இறந்தபின் புலவன் புலம்புவது அத்துறை. பாரி மாய்ந்தபின் கபிலர் பறம்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதார். வாயேயா மலையில் அது தலைகீழாக நடந்தது. தலைவர்கள் எழுத்தாளனுக்காக அழுதார்கள். அவர்களே பாடினார்கள், அவர்களே சுமந்தார்கள். தமிழ் இலக்கணத்தில் இதற்குத் துறைப்பெயர் இல்லை.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். தங்கியிருந்தவன்தான் எழுதத் தகுதியுடையவனா, வந்துபோகிறவன் வாய் மூடிக்கொள்ள வேண்டுமா என்று. அப்படிச் சொல்வதற்கில்லை. சமோவாவிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரில் பிஜித் தீவுகள் உள்ளன. ரூபர்ட் புரூக் ஆப்பியாவிலிருந்து அங்கேதான் சென்றார். 1879 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். 1903க்குப் பின் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் தமிழர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். புரூக் அத்தீவைப் பார்த்தார். பாரதியார் பார்க்கவில்லை, புதுச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். கரும்புத் தோட்டத்தில் நலியும் பெண்களின் அழுகையைக் காற்றிடம் கேட்டுப் பாடியவர் அவர்தான். சென்று பார்த்தவரைவிடச் செல்லாதவர் கூடுதலாகக் கேட்டார். ஆகவே நாள் கணக்கும் தொலைவுக் கணக்கும் இங்கே அளவுகோல் ஆகா.

அவ்வூர் மக்களே எழுதத் தொடங்கியபின் நிலைமை மாறிவிட்டது. ஆல்பர்ட் வெண்ட் 1939இல் ஆப்பியாவில் பிறந்தவர். கவிஞர், நாவலாசிரியர். 1973இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல், நியூசிலாந்தில் படித்துத் தாயகம் திரும்பும் இளைஞனுக்குத் தாயகமும் அந்நியமாகிவிடுவதைச் சொல்கிறது. 1979இல் வந்த பெருநாவல் ஆலமரத்தின் பெயரைத் தாங்கியது. அவர் எழுத்தில் ஆப்பியா சொர்க்கமும் அன்று, சேறும் அன்று. கடனும், பொறாமையும், தேவாலயமும், காசு ஆசையும், பாட்டியின் கதையும் உள்ள ஊர். சுவரில்லாத வீட்டின் உள்ளிருந்து தெருவைப் பார்த்து எழுதியவை அவை.

வைலிமா மாளிகை ஜெர்மானிய ஆளுநர், நியூசிலாந்து ஆட்சியாளர், விடுதலைக்குப் பின் நாட்டுத் தலைவர் எனப் பலர் கைமாறி, 1990, 1991 புயல்களில் சிதைந்து, செப்பனிடப்பட்டு, ஸ்டீவன்ஸன் மறைந்த நூற்றாண்டான 1994இல் நினைவகமாகத் திறக்கப்பட்டது. பயணிகள் வருகிறார்கள், கணப்பு அடுப்பைப் பார்க்கிறார்கள், மலையேறுகிறார்கள், கல்லறையில் பொறித்த பாட்டைப் படிக்கிறார்கள். அவர்களுள் எவரேனும் வெண்டின் சிறுகதை ஒன்றையும் படித்துவிட்டு ஏறினால் நன்று. அக்கதையில் பெப்பே என்னும் சமோவா இளைஞன் ஆப்பியா மருத்துவமனையில் காசநோயில் கிடக்கிறான். ஊரோடும் தந்தையோடும் தேவாலயத்தோடும் சண்டையிட்டவன். சாவு நெருங்கிவிட்டது என்று அவனுக்குத் தெரியும். இரண்டாம் துசிதாலா ஆக வேண்டும் என்பது அவன் ஆசை. படுக்கையில் கிடந்தபடி, தன் கதையைத் தானே எழுதத் தொடங்குகிறான்.